மீராவுக்காக மூடிய கண்

தெருவிளக்கை நெருங்கும் முன்பே தென்னரசு அண்ணனின் வலது கை மேலே போய்விடும். உள்ளங்கையைக் கிண்ணம்போல் குழித்து, இமை அழுந்தாதபடி வலது கண்ணை மூடுவார். சுண்டுவிரல் மூக்கோரம் அணையாக நிற்கும். இடது கை என் தோளில்.

“லைட்டு ஒருதபா பட்டா போச்சுடா. கண்ணு மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆவும்.”

ஒரு கண் நட்சத்திரத்துக்கு, இன்னொன்று வழிக்கு என்று நான் புரிந்துகொண்டேன்.

காணைக்கு நாங்கள் குடிவந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அடுத்த வீடு அவருடையது. திண்டிவனம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். வண்டிகள் நேரத்துக்கு வராத கோபத்தோடுதான் தினமும் வீடு திரும்புவார். வானத்திலும் அவருக்கு வாய்த்தது அப்படித்தான். மீரா ஊதிச் சுருங்கும் நட்சத்திரம். பெரும்பாலும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஏறக்குறைய பதினொரு மாதத்துக்கு ஒருமுறை சில வாரம் சிவந்து பிரகாசிக்கும். அந்த உச்சத்தை ஒருமுறை பார்க்க வேண்டும், பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு இவ்வளவு வெளிச்சம் என்று தானே சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. ஆனால் உச்சம் வருடாவருடம் ஒரு மாதம் முன்னால் நகரும். சில வருடம் ஐப்பசி மழையில் போனது. சில வருடம் சூரியனுக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொண்டது.

“பஸ்ஸு லேட்டானா டிரைவரத் திட்டலாம். இதுக்கு யாரத் திட்றது?”

இந்த மாசியில்தான் உச்சம் சாயங்கால வானத்துக்கு வந்தது. வெட்டிய வயலில் காய்ந்த கரும்புச் சோகை இலைகளைக் கொளுத்துவதும் மாசியில்தான். அவருக்கு லீவு கிடைத்த இரண்டு நாளும் மேற்கே புகை. மூன்றாவது லீவன்று, பக்கத்து நிலத்து ஜெகதீசனிடம் போய் நின்றார்.

“மீராவப் பாக்கணும் மாப்ள. எட்டு மணி வரிக்கும் கொளுத்தாத.”

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

இருட்டியதும், வானம் பார்க்க அவர் வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகையை நோக்கி வரப்பில் நடந்தோம்.

“பேசிக்கினே வாடா. ஊமையாட்டம் வராத.”

எனக்குப் பேச்சு வராது. படித்த கவிதை ஒன்றைச் சொன்னேன்.

“மழைன்னு ஆரம்பிச்ச, கடசி வரிக்கும் மழையே வரல?”

“வராததப் பத்தித்தாண்ணே.”

“அது என் கதடா.”

கொட்டகைக்குச் சற்று முன்னால், எதிரே ஒரு பைக் முழு வெளிச்சத்தோடு வந்து நின்றது. ஜெகதீசன்.

“இன்னா மாமா, கண்ணுல மெட்ராஸ்-ஐ வந்துடுச்சா? இருக்கறதையும் மூடிக்கினு எங்க போற?”

“லைட்ட ஆஃப் பண்ணுடா.”

“யாரு மாமா அந்த மீரா, சினிமாவா சீரியலா? அக்காகிட்ட சொல்லட்டா?”

அண்ணன் பொறுக்க முடியாமல் இரண்டு கையையும் நீட்டி விளக்கை மறைக்கப் பாய்ந்தார். கண்ணிலிருந்து கை விலகியது. வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது.

“பேஜாரு பண்ணிட்டியேடா பாவி!”

ஜெகதீசனுக்கு எதுவும் விளங்கவில்லை. “காத்து நின்னுடுச்சு மாமா. இப்ப கொளுத்தினாத்தான் உண்டு. அதச் சொல்லத்தான் வந்தேன்” என்று கிளம்பிவிட்டான்.

கொட்டகை மேல் ஏறினோம். மென்கர் என்று அவர் முன்பே காட்டித் தந்திருந்த நட்சத்திரத்துக்குக் கீழே, அணையப்போகும் கங்குபோல ஒன்று. பைக் வந்தபோது நானும் ஒரு கண்ணைப் பொத்தியிருந்ததால் எனக்குத் தெரிந்தது. அவர் அண்ணாந்தார், கண்ணைக் கசக்கினார், மறுபடி அண்ணாந்தார்.

“இருக்கா?”

“இருக்குண்ணே.”

“மேல இருக்கறத விட அதிகமா, கம்மியா?”

“கிட்டத்தட்ட ஒரே மாதிரி...”

“ஒரே மாதிரின்னா? எல்லா பஸ்ஸுந்தான் ஒரே மாதிரி இருக்குது!”

“கொஞ்சம் கம்மிண்ணே.”

“கொஞ்சம்னா எவ்ளோடா?”

நான் மறுபடி அண்ணாந்தேன். சோகை படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. புகை எழுந்து மீராவை மூடியது, பிறகு மென்கரை.

“அடுத்த தடவ தையிலயே வந்துடுமேண்ணே.”

“நீயே பாத்துக்க.”

இறங்கி நடந்தார். திரும்பும் வழியில் கண்ணை மூடவில்லை. என் தோளையும் பிடிக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் அவர் மனைவி சித்ரா அக்கா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், அண்ணன் ஏன் எப்போதும் வலது கண்ணையே மூடுகிறார், ஒருநாள் இடதை மூடினால் என்ன என்று.

“எடது கண்ணத்தான் சின்ன வயசுலயே கரும்புச் சோகை அறுத்துப்புடுச்சே. அதுல ஒன்னும் தெரியாது. உன்கிட்ட சொல்லலையா?”