அப்பா வீட்டில் இல்லாத வாரம்

மில் சங்கு ஊதும்போது எங்கள் வீட்டு அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் லேசாக நடுங்கும். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் அந்த நடுக்கம் வந்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. காலை ஏழு, மதியம் மூன்று, ராத்திரி பதினொன்று. பழங்காநத்தத்தில் எங்கள் தெருவில் கடிகாரம் வைத்திருந்த வீடுகள் குறைவு. சங்கை வைத்துத்தான் உலை வைப்பார்கள், சங்கை வைத்துத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார்கள்.

அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். ஒரு வாரம் முதல் ஷிப்ட்டு, மறு வாரம் "செகண்டு", அதற்கடுத்த வாரம் "நைட்டு". பிறகு மறுபடி முதலிலிருந்து. வீடு ஒன்றுதான். வாரத்துக்கு வாரம் அது வேறு வீடு.

முதல் ஷிப்ட்டு வாரத்தில் அப்பா மூன்றரைக்கு வந்துவிடுவார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். குளித்துவிட்டு டீ கிளாசோடு வாசலில் உட்காருவார். நான் நாலரைக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். பிந்தினால் ஏன் என்று கேட்க மாட்டார். அடிக்கவும் மாட்டார். கிளாசிலிருந்து கண்ணை எடுத்து ஒரு தடவை பார்ப்பார். அம்மா அகப்பையால் போடும் அடி ராத்திரிக்குள் மறந்துபோகும், அந்தப் பார்வை அடுத்த முதல் ஷிப்ட்டு வரைக்கும் கூடவே வரும்.

நைட்டு வாரத்தில் பகலெல்லாம் அவர் தூங்குவார். அம்மா, நான், தங்கச்சி செல்வி மூன்று பேரும் கையால் பேசிக்கொள்வோம். சாயங்காலம் எழுந்து மறுபடி வாசலில் உட்காருவார். அதனால் அந்த வாரமும் நாலரைதான்.

செகண்டு ஷிப்ட்டு வாரத்தில் மூன்று மணிச் சங்குக்கு முன்னாலேயே அவர் உள்ளே போயிருப்பார். ராத்திரி பதினொன்றுக்குத்தான் வெளியே விடுவார்கள். அந்த ஏழு நாளும் அம்மா ராஜ்யம். அம்மா கத்துவாள், பேரம் பேசுவாள், கடைசியில் விட்டுவிடுவாள். "ரெண்டு குடம் தண்ணி எடுத்து வச்சுட்டு எங்கிட்டாவது போய்த் தொலை" என்பாள். நான் போய்த் தொலைவேன்.

போனது பள்ளிக்கூட மைதானத்துக்கு. நான் கோ-கோ ஆடினேன். படிப்பு எனக்கு வரவில்லை. பத்தாவதில் தேறவில்லை, அதோடு சரி. ஓட்டம் வந்தது. தாவணியை இடுப்பைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவேன். அந்த ஆட்டத்தில் துரத்துகிறவள் எடுத்த திசையிலிருந்து திரும்பக் கூடாது. ஓடுகிறவள் எந்தப் பக்கமும் திரும்பலாம், உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நடுவில் புகுந்து அந்தப் பக்கம் போகலாம். எனக்குத் துரத்துவது பிடிக்காது. ஓடுவதுதான்.

மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் மட்டும் வருகிற ஆளை எந்த டீச்சர் சேர்ப்பார்கள்? எங்கள் டிரில் டீச்சர் சேர்த்தார். திட்டிக்கொண்டே சேர்த்தார். "என்னடி இது, அப்பப்பக் கூடுற சந்தையா நீ?" என்பார். பிள்ளைகள் எனக்குச் "செகண்டு ஷிப்ட்டு" என்று பேர் வைத்துவிட்டார்கள். பாண்டியம்மா என்ற என் பெயரை மைதானத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "செகண்டு ஷிப்ட்டு, இடது பக்கம், இடது பக்கம்" என்று ஓரத்தில் நின்று கத்துவார்கள். வீட்டில் பேச்சில்லாத பிள்ளை, மைதானத்தில் வாயாடி. இதில் எது நீ என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

எங்கள் அணியில் ஜெயந்தி என்று ஒருத்தி. அவள் வீடு பசுமலையில், அவள் அப்பா வாத்தியார். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகளிடம், அடுத்த வருடம் எந்தப் பாடம் எடுக்கப் போகிறாய், உனக்கு என்ன தோன்றுகிறது என்று பெரிய ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா நெனைக்கிற?" என்றார். என்னை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. வாயில் பிஸ்கட் இருந்தது. அதை மென்றுகொண்டே இருந்தேன்.

திரும்பி வரும்போது, "உனக்கென்னடி, ராசாத்தி மாதிரி" என்றேன்.

"போடி. எல்லாத்தையும் எங்கிட்டயே கேக்குறாரு. தப்பாப் போச்சுன்னா நான் யாரைத் திட்டுறது? உனக்காவது திட்டுறதுக்கு ஆள் இருக்கு" என்றாள்.

அந்த வருடம் கார்த்திகை மாதம், பசுமலை மைதானத்தில் பள்ளிகளுக்குள் பந்தயம் என்று சொன்னார்கள். புதன்கிழமை நாலு மணிக்கு. வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட்ட சீட்டு கொண்டுவந்தால்தான் ஆட விடுவார்கள். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அது முதல் ஷிப்ட்டு வாரம். அப்பா வாசலில் இருப்பார்.

சீட்டைப் புத்தகத்துக்குள் வைத்தேன். நான்கு நாள் அங்கேயே இருந்தது. ஐந்தாம் நாள் அம்மா கையில் கொடுத்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சொன்னேன். அன்று அப்பா நைட்டு ஷிப்ட்டுக்குக் கிளம்புவதற்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா பேச்சை எடுத்தாள். நான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

"புள்ளைக்குப் பசுமலையில என்னமோ ஆட்டமாம். புதங்கிழமை. கையெழுத்துக் கேட்டிருக்காக."

"அவளுக்கு வயசு எம்புட்டு?"

"பதினஞ்சு."

"பதினஞ்சு வயசுப் புள்ள அம்புட்டுப் பேரு முன்னால ஓடுனா, நாளைக்கு நாலு பேரு வாசலுக்கு வந்து எங்கிட்டக் கேப்பான். நான் என்னன்னு சொல்ல? நான் வீட்ல இருக்கையில அது நடக்காது."

கை கழுவும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். அழுதேனா என்றால், அழுதேன். மறுநாள் டீச்சரிடம் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அவர் நோட்டில் என் பேரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பேரை அடித்துவிடவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியது. தட்டுகள் நடுங்கின. அப்பா வீட்டில் இருந்தார். வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா வெளியே வந்து பார்த்தாள். "வேலைக்குப் போகலையா?"

"இந்த வாரம் செகண்டு."

"அதெப்படி? போன வாரம் நைட்டுல்ல பாத்தீக?"

"மாத்திட்டாக."

வெட்டிய நகத்தைக் கூட்டி எடுத்து வெளியே போட்டார். நான் உள்ளே நின்று இதைக் கேட்டேன். மில்காரர்கள் எனக்காகவே மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். மில் மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் வந்தது.

மதியம் அவர் போன பிறகு அம்மா அடுப்புக்கரியில் பெருவிரலைத் தேய்த்துச் சீட்டில் அழுத்தினாள். டீச்சர் மறுநாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் கையி?"

"எங்கம்மா, டீச்சர்."

"அப்பா?"

"ஷிப்ட்டு, டீச்சர்."

மொத்தப் பிள்ளைகளும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

புதன்கிழமை நாங்கள் தோற்றோம். இரண்டு பாயிண்டில். ஆனால் நான் ஐந்து நிமிடம் பிடிபடாமல் ஓடினேன். மூன்று பேராக உள்ளே போனோம், மற்ற இரண்டு பேரும் சீக்கிரமே அவுட். அந்த அணியில் ஒருத்தி பின் ஒருத்தியாக எழுந்து என்னைத் துரத்தினார்கள். கம்பத்தருகே திரும்பும்போது வழுக்கி, முட்டியில் சரளைக்கல் ஏறியது. எழுந்து மறுபடி ஓடினேன். கூட்டத்தில் யாரோ ஒரு ஆள், எனக்குத் தெரியாத ஆள், "விடாத, விடாத" என்று கத்தினார். பிறகு பிடிபட்டேன். அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னாலும் பின்னாலும் என் வாழ்க்கையில் அத்தனை பேர் ஒன்றாக என்னைப் பார்த்ததில்லை. கல்யாண மேடையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே தலையைக் குனிந்திருந்தேன்.

மறுநாள் காலை நான் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். பைக்கட்டின் மேல் சின்னக் குப்பியில் காயத்துக்குப் போடும் டிங்சர் இருந்தது. மில் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற குப்பி. அப்பா வாசலில் இருந்தார், என் பக்கம் திரும்பவில்லை.

"ரோட்ல கல்லு கெடக்கும். பாத்து நட."

"சரிப்பா."

அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த வாரமும் அவருக்குச் செகண்டுதான். அது முறைப்படி வரும் வாரம். பிறகு எல்லாம் பழையபடி ஆனது. தை பிறந்தது. அப்பாவுக்கு ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம். குடிக்க மாட்டார், சினிமா பார்க்க மாட்டார். வருடத்தில் ஒருநாள், பொங்கலுக்கு மூன்றாம் நாள், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறி ஜல்லிக்கட்டு பார்க்கப் போவார். குரல் கட்டிப்போய்த் திரும்பி வருவார். நாங்கள் அவர் சத்தம் போட்டு அறிந்தது இல்லை, அங்கே போய்த்தான் போடுவார் போல. அந்த வருடம் போகவில்லை. வேலைக்குப் போனார். பெரியப்பா ஊரிலிருந்து வந்து, "என்னடா, சொந்த ஊரே கசந்துபோச்சா?" என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். இந்த மனிதருக்கு எதிலும் ஒட்டுதல் கிடையாது என்று நான் முடிவு கட்டினேன். பதினைந்து வயதில் எல்லாவற்றையும் அப்படி முடிவு கட்டிவிட முடிந்தது.

நான்கு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். அப்பாவோடு வேலை பார்த்த மாயாண்டி மாமா சாப்பிட்டுவிட்டு வெற்றிலையோடு மேடைக்கு வந்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாப்ள, ஒரு விசயம். இது ஓடுற புள்ள. வெரட்டிப் பிடிச்சுரலாம்னு மட்டும் நெனச்சுராதீக, மூச்சு வாங்கிரும்" என்றார். அவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஓடியது மில்காரருக்கு எப்படித் தெரியும்?

"உங்களுக்கு யாரு மாமா சொன்னா?"

"யாரு சொல்லணும்? உன் ஓட்டத்துக்கு ஷிப்ட்டு மாத்திக் குடுத்ததே நான்தான ஆத்தா."

பிறகு சொன்னார். "மேஸ்திரிகிட்டக்கூட ஒண்ணு கேக்காத மனுசன் உங்கப்பா, எங்கிட்ட வந்து நிக்கிறாரு. மாயாண்டி, உன் செகண்டை எனக்குக் குடு, என் முதல் ஷிப்ட்டை நீ பாருங்கிறாரு. எதுக்குண்ணேன்னா, அந்த வாரம் நான் வீட்ல இருக்கக் கூடாதுங்கிறாரு. வீட்ல சண்டையான்னு கேட்டேன். அதெல்லாம் இல்லடா, புள்ளைக்குப் பந்தயம்னாரு. சும்மா குடுப்பனா? பொங்கலுக்கு என் ஷிப்ட்டை நீ பாருண்ணேன்னு சொல்லிட்டேன். அவரு மில்லுல நின்னாரு, நான் அலங்காநல்லூர்ல மாடு பாத்தேன்."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

நான் அப்பாவைத் தேடினேன். பந்தியில் மோர் வாளியோடு நின்றிருந்தார். மாலையோடு அங்கே போனேன். என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ம். நீ எதுக்கு இங்க வந்த? அங்கன தேடுவாக, போ."

போனேன்.

இரண்டு மூன்று வருடத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி. மில்லை விட்டுவிட்டார். அதன் பிறகு ஷிப்ட்டு என்று ஒன்று கிடையாது, நாள் முழுக்க வீடுதான். அப்போது செல்விக்குப் பதினைந்து, பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டப் பழகினாள். நான் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, "அப்பா என்னையக் கண்டுக்கிறதே இல்லக்கா. உன்னையாவது முறைச்சாரு. நான் பள்ளிக்கூடம் விட்டு வாரேன், அவரு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டு டீக்கடைக்குக் கெளம்புறாரு. விளக்கு வச்சாத்தான் வீடு வந்து சேர்றாரு. தெனமும்" என்று குறைப்பட்டாள்.

எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்று கேட்டேன். நாலு மணி என்றாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அப்பா போய் ரொம்ப வருடம் ஆகிறது. மில்லை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். சங்கு இருந்த இடம் எது என்று இப்போது என்னால் காட்ட முடியாது. மூன்று மணி சத்தமில்லாமல் வந்து போகிறது. என் மகள் அவள் வேலை பார்க்கும் ஆபீசில் இருந்துகொண்டே, தன் பிள்ளை எந்தத் தெருவில் நிற்கிறாள் என்று போனில் பார்க்கிறாள். குற்றம் சொல்லவில்லை. காலம் அப்படி. ஆனால் வீட்டில் இல்லாமல் இருப்பதற்கு ஒரு வழி இருந்தது, அது போய்விட்டது.

பேத்திக்குப் பதினான்கு முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிக்குப் போய் என்னவோ செய்கிறாள். ஆடுகிறாளோ, பாடுகிறாளோ. நான் வீட்டில் இருந்தால் என்னவென்று கேட்பேன். கேட்காமல் இருக்க எனக்கு வராது. அதனால் நாலு மணி ஆனால் பையை எடுத்துக்கொண்டு பழங்காநத்தம் மார்க்கெட்டுக்குப் போகிறேன். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். முட்டியில் தழும்பு இருக்கிற கால் கொஞ்சம் வலிக்கும்.