நாலு பல்பு போதும்

பத்தாம் வகுப்பில் எனக்கு ஓம் விதி கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது. வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், இரண்டையும் பெருக்கினால் வாட். இது தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு சாமானையும் நான் சும்மா விடவில்லை. இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி என்று ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்து, அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று சாப்பிட உட்கார்ந்தவர்களிடம் அறிவிப்பேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். அத்தை மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. சத்தியமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவர், அந்த ஆவணியில் ஒரு துணிப்பையோடு அன்னூர்ப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்தார், திரும்பிப் போகவில்லை. ஏன் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நாட்டுக்கோழி வளர்த்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் கெஞ்சி, இருநூறு குஞ்சுகள் இறக்கியிருந்தார். இந்த ஒரு பேட்ச் தேறினால் ஷெட் போட்டுத் தருகிறேன், இங்கேயே இரு. தேறாவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

குஞ்சுகள் வந்து ஒரு வாரம்தான், மார்கழிக் குளிர். தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தி, உள்ளே உமி பரப்பி, குஞ்சுகளுக்குச் சூடு வேண்டுமென்று மேலே நூறு வாட் குண்டு பல்பு எட்டைத் தொங்கவிட்டிருந்தார் அத்தை. ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே பாயைப் போட்டுக் கிடப்பார்.

எனக்கு அந்த வாரம் கோவையில் அறிவியல் கண்காட்சி. மற்றவர்களெல்லாம் பேட்டரியில் எரியும் பொடி பல்புகளோடு வருவார்கள், நான் பெரிய பல்புகளை எரித்து நடுவரின் கண்ணைக் கூச வைக்க வேண்டும் என்பது என் திட்டம். ஊர்க் கடையில் எல்.இ.டி. தவிர வேறில்லை. குண்டு பல்பு இருந்தது அத்தையிடம்தான். ஆகவே கணக்குப் போட்டேன். 230 வோல்ட், ஒரு பல்புக்கு 0.43 ஆம்பியர், பெருக்கினால் ஏறக்குறைய நூறு வாட். நாலு பல்புக்கு நானூறு. குஞ்சு கொடுத்தவர்கள் தந்த நோட்டீஸில் குஞ்சுக்கு இரண்டு வாட் என்று போட்டிருந்தது. இருநூறு குஞ்சுக்கு நானூறு வாட். எனக்கு எத்தனை பல்பு தேவையோ அத்தனையும் மிச்சம் விழுந்தது. அவ்வளவு தோதான கணக்கு அதற்குப் பிறகு எனக்கு அமைந்ததே இல்லை.

“எட்டு எதுக்குங்க அத்தை? நாலு பல்பு போதும்னு கணக்கு சொல்லுது.”

“விடியக்கால கரண்டு கொறஞ்சு போகுமே கண்ணு, பத்துமா?”

“கரண்டு இல்லீங்க அத்தை, அதுக்குப் பேரு வோல்டேஜ்” என்று சிரித்தேன். “நீங்க இன்னிக்காச்சும் உள்ள வந்து நிம்மதியாத் தூங்குங்க.”

அத்தை கொஞ்சம் தயங்கினார். பிறகு, “படிக்கற புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று தானே ஸ்டூலில் ஏறி, நாலு பல்பைக் கழற்றித் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

விடிவதற்கு முன் மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் சுற்றிலும் உள்ள தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும். லைனின் கடைக்கோடியில் இருந்த எங்கள் வீட்டில் வோல்டேஜ் நூற்று நாற்பதுக்கு இறங்கிவிடும். வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் கூடவே இறங்கும். அத்தை சொன்னது சரிதான். இரண்டும் இறங்கிய பிறகு பெருக்கினால், நூறு வாட் பல்பு பாதிகூடத் தராது. காலையில் நான் கிளம்பும்போது அத்தை உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தார், குஞ்சுகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம், எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கண்காட்சியில் நடுவர் கேட்டார்: “வோல்டேஜ் பாதியாக் குறைஞ்சா வாட் என்னம்மா ஆகும்?”

“கால் பங்கு ஆயிரும் சார்” என்றேன், கண் இமைக்காமல். முதல் பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது வாசலில் ஒரு சாக்கைக் கட்டி வைத்திருந்தார்கள். குளிர் தாங்காமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருக்கியதில், அடியில் சிக்கிய குஞ்சுகளெல்லாம் மூச்சுமுட்டிச் செத்திருந்தன. பாதிக்கு மேல் போய்விட்டது. அப்பா காலியான ஹோல்டர்களைக் காட்டி, “நாலு பல்பு எங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை என் பையைப் பார்த்தார். “பீஸ் போயிருச்சுங்கண்ணா, கழட்டி வீசிப்போட்டேன். நாந்தான் கவனிக்காமத் தூங்கிப்போட்டேன்.”

நாலு பல்பும் என் பையில் பத்திரமாக இருந்தன. அப்பா அந்தப் பக்கம் போனதும் அத்தை என்னிடம் வந்து, “பரிசு வாங்குனியா அம்மணி?” என்று மெதுவாகக் கேட்டார். டிபன் பாக்ஸை வாங்கி, திறந்து மூடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த நிமிடமாவது நான் அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்.

தை பிறப்பதற்குள் அப்பா அத்தையின் வீட்டுக்காரரான மாமாவிடம் பேசி முடித்துவிட்டார். அத்தையைப் பஸ் ஏற்றிவிட எல்லோரும் போனோம். மாமா குடித்துவிட்டு அத்தையை அடிப்பார் என்பதும், அந்த ஆவணியில் அத்தை உயிருக்குப் பயந்துதான் ஓடி வந்தார் என்பதும் எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தன. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை போய்விட்டால் அந்தப் பல்பு விஷயத்தை இனி யாரும் கிளற மாட்டார்கள் என்பதுதான். அது பெரிய நிம்மதியாக இருந்தது. பஸ் நகர்ந்தபோது மற்றவர்களைவிட அதிக நேரம் கையாட்டிக்கொண்டிருந்தது நான்தான்.