தெரியவில்லை என்றொரு பதில்

எங்கள் வகுப்பில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். பேராசிரியைகூட ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, நாங்கள் சிரித்ததும் வருகைப் பதிவேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அக்காவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ஒரு பெரிய மருத்துவமனையின் விசாரணை ஜன்னலில் பதின்மூன்று வருடம் உட்கார்ந்திருந்தவர். தபால் வழியில் பட்டம் வாங்கி, மகள் பத்தாம் வகுப்புக்குப் போன வருடம் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் மேற்படிப்பில் சேர்ந்தார். லேத் பட்டறையில் வேலை செய்த கணவர் காலைச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அக்காவின் சாப்பாட்டு டப்பாவில் உப்பு ஒருநாள் தூக்கலாக இருக்கும், மறுநாள் இருக்கவே இருக்காது. இரண்டையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு வெப் சர்வீஸ் பாடம். மனிதர் பார்க்கும் பக்கம் வேறு. அதன் பின்னால் ஒரு நிரல் கேட்க, இன்னொரு நிரல் பதில் சொல்லும் ஏற்பாடு வேறு. எனக்கு இது பிடிபட இரண்டு வாரம் ஆனது. அக்காவுக்கு இரண்டு நிமிடம். “விசாரணை ஜன்னல் மாதிரிதானே. எப்படிக் கேட்டா என்ன பதில் வரும்னு முன்னாடியே பேசி வச்சுக்கணும்” என்றார்.

குழுவில் மூன்று பேர்: அக்கா, நான், தடிமனான கண்ணாடியால் சோடாபுட்டி என்று பெயரெடுத்த நண்பன். பல்கலைக்கழகத்தைச் சுற்றி நான்கு மருந்துக்கடைகள் இருந்தன. எந்த மருந்து எந்தக் கடையில் இருக்கிறது என்று சொல்லும் சேவையைக் கட்டலாம் என்றார் அக்கா. கடைக்காரர்கள் அவருக்குப் பழக்கம் என்பதால் ஒப்புக்கொண்டார்கள். கடைகளின் கம்ப்யூட்டரைக் கேட்டு இருப்பை வாங்கி வரும் பகுதியை நான் எழுதினேன். மூன்று நொடிக்குள் ஒரு கடையிலிருந்து பதில் வராவிட்டால் இருப்பு பூஜ்யம் என்று போட்டுவிட்டேன். ஏதாவது ஒரு எண் வேண்டுமே. சோதனையில் எல்லாம் சரியாக ஓடியது. அக்கம்பக்கத்தார் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இறுதி மதிப்பீட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது மூன்றாவது கடைக்காரர் அக்காவுக்கு போன் செய்தார். தெரு முனையில் தையல் கடை வைத்திருப்பவரின் மகளுக்கு வலிப்பு நோய். மாத்திரை தீர்ந்த காலையில் அவர் எங்கள் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். நான்கு கடையிலும் இல்லை என்று காட்டியிருக்கிறது. இரண்டு மணி நேரம் பயணம் செய்து வேறு ஊரில் வாங்கி வந்திருக்கிறார். மூன்றாவது கடை அலமாரியில் ஒரு பெட்டி மாத்திரை இருந்தது. அன்று அந்தக் கடையின் இணைய இணைப்பு அறுந்திருந்தது, அவ்வளவுதான். மாத்திரை தாமதமானாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கா உடனே சேவையை நிறுத்தினார். என்னையும் அழைத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனார். தவறு எங்களுடையது என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். தையல்காரர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். தையல் இயந்திரத்தில் கால் வைத்தபடியே மெதுவாகச் சொன்னார்:

“இல்லன்னு போட்டிருந்துச்சு. தெரியலன்னு போட்டிருந்தா, நானே நடந்து போய்க் கேட்டிருப்பேன்.”

திரும்பும் வழியெல்லாம் நான் தலை நிமிரவில்லை. பிறகு மூவரும் ஆய்வகத்தில் உட்கார்ந்தோம். பதில் எண்ணாக வரும் என்று நம்பித்தான் பக்கம், சோதனைகள், அறிக்கை எல்லாமே இருந்தன. அதை மாற்றினால் எல்லாம் குலையும். இருப்பதை அப்படியே காட்டிவிட்டு, மதிப்பெண் வந்ததும் திருத்தலாம் என்றான் சோடாபுட்டி. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்கா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

“ஜன்னல்ல வரிசை நீளமா நிக்கும்டா. டாக்டர் இருக்காரான்னு கேப்பாங்க. தெரியாது, விசாரிச்சு சொல்றேன்னு சொன்னா நேரமாகும். இல்லன்னு சொன்னா உடனே நகர்ந்துடுவாங்க. நானே எத்தனையோ பேர்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கேன். அவங்க எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியாது.”

அதற்குமேல் யாரும் விவாதிக்கவில்லை. உண்டு, இல்லை, தெரியவில்லை என்று பதிலை மூன்றாகப் பிரித்தோம். தெரியவில்லை என்றால் கடைசியாக எப்போது பதில் கிடைத்தது என்பதையும், கடையின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து அனுப்பும்படி செய்தோம். நினைத்ததைவிட வேலை இழுத்தது.

மதிப்பீட்டன்று பக்கம் பாதிதான் ஓடியது. தேடும் பெட்டி இரண்டு முறை திணறி நின்றது. பழைய வடிவத்தையே காட்டியிருக்கலாமே என்று பேராசிரியை கேட்டார்.

“தப்புன்னு தெரிஞ்சப்புறம் அதை ஓடுதுன்னு காட்ட மனசு வரல மேடம்” என்றார் அக்கா.

பேராசிரியை குறித்துக்கொண்டார். முடிக்காத வேலைக்குக் குறைக்க வேண்டியதைக் குறைத்தார். வகுப்பில் எங்களுடையது கடைசிக்கு முந்தைய மதிப்பெண். சோடாபுட்டி ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அக்காவிடம் மட்டும் பேசினான். விடுமுறையில் தானாகவே வந்து பக்கத்தை முடித்துக் கொடுத்தான். சேவை மறுபடி ஓடத் தொடங்கியது.

படிப்பு முடிந்து அக்கா ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனத்தில் சேர்ந்தார். மருந்துக்கடைச் சேவையை ஓய்வு நேரத்தில் ஐந்து வருடம் தனியாகவே பார்த்துக்கொண்டார். கடைகள் தங்களுக்கென்று வேறு ஏற்பாடு செய்துகொண்டதும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. நிறுத்தப்போவதாகப் பக்கத்தில் ஒரு மாதம் அறிவிப்புப் போட்டு வைத்திருந்தார். நிறுத்திய அன்று காலை நான்கு கடைகளிலும் தையல்காரரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் போனில் சொன்னார். வருத்தமா அக்கா என்று கேட்டேன். தெரியவில்லை, அதைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை என்றார்.