பட்டி பார்த்த சுவர்

டிங்கருக்கு நசுங்கல் என்றாலே ஆகாது. அடிபட்ட காரைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிட்டாரென்றால், வண்டி இடித்ததையே சொந்தக்காரர் மறந்துபோவார். யார் வீட்டுக்குப் போனாலும் அவர் கை முதலில் தடவுவது சுவரைத்தான். குழந்தையை அப்புறம் கொஞ்சுவார்.

அப்பேர்ப்பட்டவரின் மகள் படிக்கும் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடந்தது. ஒருநாள் சுவரின் காரைப்பூச்சு பெயர்ந்து மகளின் பெஞ்சிலேயே விழுந்தது. நல்லவேளை, அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அன்றோடு டிங்கருக்குத் தூக்கம் போயிற்று. மற்றவர்களையும் அவர் தூங்கவிடவில்லை. பெற்றோர்களைத் திரட்டிச் சங்கம் வைத்தார். பட்டறையில் வண்டி விட்டவர்கள் சுவர்க்கதையைக் கேட்காமல் சாவியைத் திரும்ப வாங்க முடியாது. கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்ததில், வாட்ச்மேன் அவருக்கென்றே ஒரு ஸ்டூலை ஒதுக்கிவிட்டார்.

கடைசியில் அதிகாரி மனமிரங்கினார். நேரில் வந்து பார்ப்பார். நிலைமை மோசம் என்று பட்டால் புது வகுப்பறை.

அவர் வருவதற்கு முந்தின நாள் பெற்றோர்கள் வகுப்பறையைக் கூட்டிப் பெருக்க வந்தார்கள். பெருக்குவதில் தப்பில்லை. ஆனால் டிங்கரின் கண் அந்த விரிசல்மேல் பட்டது. கை நமநமவென்று அரித்தது.

"வர்றவர் கண்ணுக்கு இவ்வளவு அசிங்கமாவா தெரியணும்? லேசா ஒரு கை பார்த்துடறேன்."

லேசாக ஆரம்பித்தது எங்கேயோ போயிற்று. விரிசல் முழுக்கப் பட்டி பூசித் தேய்த்து மறைத்தார். பெற்றோர்களில் ஒருவரான பெயின்டர், தன் வீட்டில் மிஞ்சிய பெயின்டைத் தூக்கிவந்தார். தையல்காரம்மா ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டார். சாயங்காலம் சுவர் பளபளவென்று நின்றது.

டிங்கரின் மனைவி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஏங்க, நாளைக்கு அவரு இங்க வந்து எதைப் பார்க்கணும்?"

"அட, வர்றவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

மறுநாள் அதிகாரி வந்தார். சுவரை ஏற இறங்கப் பார்த்தார், தடவினார்.

"இதுக்கா என் உயிரை எடுத்தீங்க? என் ஆபீஸ் சுவரு இதைவிட மோசம். யாரு வேலை இது? பிரமாதம்!"

பாராட்டு என்றால் உச்சி குளிர்ந்துபோகும் மனிதருக்கு அன்று அது கசந்தது. அதிகாரி வாசலைத் தாண்டப் போனார். அங்கே நின்றிருந்த மகள் கேட்டாள்: "அப்பா, அப்ப நான் இங்கயேதான் உக்காரணுமா?"

"சார், ஒரு நிமிஷம்!"

டிங்கர் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். தன் வேலையில் தானே கீறல் போடுவது அவர் பிழைப்பில் நடக்காத காரியம். கண்ணை இறுக மூடிக்கொண்டு குத்தினார். பிடிவரை உள்ளே போயிற்று. இழுத்ததும் ஒரு பெரிய காரைக்கட்டி மூன்றாவது பெஞ்சில் தொப்பென்று விழுந்தது.

"அது என் பொண்ணு உக்கார்ற இடம் சார்." விரலால் பெஞ்சைக் காட்டினார். "வெளிய தெரியறது என் வேலை. உள்ள ஒண்ணுமே இல்ல."

அதிகாரி ஸ்க்ரூடிரைவரை வாங்கி, தானும் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"இன்னியிலேருந்து ஒரு பிள்ளையும் இந்த ரூம்ல உக்காரக் கூடாது. புது ரூமுக்கு நான் எழுதறேன்."

புது அறை எழும்பியபோது டிங்கர் தினமும் போய் நின்றார். பட்டி பூச ஆள் வந்த அன்று, சட்டியோடு அவனை வாசலிலேயே நிறுத்திவைத்தார்.

"இருப்பா, அவசரப்படாத." மகளின் பெஞ்சு வரப்போகும் இடத்தில் சுவரில் காதை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டார். "ம்... இப்ப பூசு."