சத்து மாத்திரை

அறுபதுகளில் திருவள்ளூரில் நாங்கள் உடற்பயிற்சி செய்தது ஒரு ஓலைக் கொட்டகையில். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. தினமும் காலையில் செய்தாக வேண்டும். ஒரு நாள் விட்டாலும் உடம்பு இறங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினோம். காய்ச்சலோடு வந்து தண்டால் எடுத்தவர்கள் உண்டு. சத்துக்கு ஊறவைத்த கொண்டைக்கடலை, வசதி இருந்தால் முட்டை.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புப் பட்டறையில் எனக்கு ஃபிட்டர் வேலை கிடைத்தது. ஷிப்டு மாறிமாறி வந்ததால் வாரத்தில் மூன்று நாள்தான் பயிற்சி செய்ய முடிந்தது. இளைத்துவிடுவேன் என்று பயந்தேன். சில மாதத்தில் சட்டைக் கை இறுக ஆரம்பித்தது. ஓய்வெடுக்கும்போதுதான் சதை வளர்கிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பட்டறையில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். பழவேற்காட்டு மீனவக் குடும்பம்; வேலைக்காக மனைவியோடு புதுவாயலில் குடியிருந்தான். அங்கே ஒரு ஷெட்டில், கழித்துப்போட்ட பல்சக்கரங்களைக் கம்பியில் கோத்து எடை தூக்கினோம். மாவட்ட ஆணழகன் போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. காலை, மாலை இரண்டு வேளையும் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை உட்பட.

"மூணு நாளு போதும்டா" என்றேன்.

"உனுக்குப் போதும். நான் மேடைல நிக்கணுமே" என்றான்.

திடீரென்று அவன் உடம்பு பெருத்தது. தோளும் நெஞ்சும் வாரத்துக்கு வாரம் மாறின. எப்படி என்று கேட்டபோது பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினான். உள்ளே சின்னச் சின்ன மாத்திரைகள். மெட்ராஸ் ஜிம்காரர்கள் சொல்லி, மருந்துக்கடையில் தெரிந்தவர் மூலம் வாங்கியிருந்தான்.

"சத்து மாத்திரைடா. உனுக்கும் வாங்கியாரவா?"

வேண்டாம் என்றேன். அதில் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. மாத்திரை என்றாலே எனக்குக் குமட்டும்.

போட்டியில் அவனுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கொஞ்ச நாள் கழித்து அவன் மனைவி பட்டறை வாசலுக்கே வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவரு கண்ணப் பாத்தீங்களா? மஞ்சளாக்கீது. சோறும் எறங்கல. கேட்டா வெயிலுன்றாரு."

மறுநாள் மூவரும் பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் போனோம். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று அவர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்."

அவன் மனைவி இடுப்பில் செருகியிருந்த டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இத்தத்தான் சார் தின்னுக்கினு இருக்காரு."

டாக்டர் படித்துப் பார்த்தார். "நோயில கெடந்து உருகிப்போனவங்களுக்குக் குடுக்கற மருந்து இது. உனக்கு என்ன நோய்?"

விலாவுக்குக் கீழே டாக்டர் அழுத்தியதும் நண்பன் முகம் சுளித்தான்.

"ஈரல் கெட்டிருக்கு. இன்னியோட நிறுத்து. நிறுத்தலன்னா இங்க வராத."

நிறுத்தினான். தேற மாதக்கணக்கில் ஆயிற்று. மறுபடி ஷெட்டுக்கு வந்த அன்று, முன்பு விளையாட்டாகத் தூக்கிய எடையை அவனால் மார்பு வரைகூடக் கொண்டுவர முடியவில்லை. பலகையில் உட்கார்ந்து அழுதான். நான் இரண்டு சக்கரங்களைக் கழற்றினேன். அதன்பின் அவனும் என்னோடு மூன்று நாள் மட்டும் செய்தான்.

அடுத்த போட்டிக்கு மாத்திரை இல்லாமல் போனான். பரிசு இல்லை. மூவரும் பஸ்ஸில் ஊருக்கு வந்துகொண்டிருந்தோம்; பெரியபாளையம் தாண்டியது.

"போன தபா வாங்குன கப்பு என்னுதா, மாத்திரையோடதா?" என்று திடீரென்று கேட்டான்.

"எடையத் தூக்குனது நீதானே?"

"மாத்திரை இல்லாத தூக்கியிருப்பனா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். முன் சீட்டிலிருந்த அவன் மனைவி திரும்பி, "பசிக்குது, எறங்குனதும் சாப்புட்டுப் போலாம்" என்றாள். புதுவாயலில் இறங்கி, ஓட்டலில் மூவரும் பரோட்டா சாப்பிட்டோம்.