ஆயர் ஈத்தாம் ஓடையில் என் தோடு

ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய நான் கட்டுரை எழுத வந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் கூடிய இடத்தில் பேசவே கூச்சப்படுகிறவள், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஈர மணலின் அந்த இரும்பு வாடை எங்கே மூக்கில் பட்டாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏன் என்று ஒருமுறையாவது சொல்லித் தீர்த்துவிட வேண்டும்.

எட்டு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, அவர் கொண்டுவரும் தோட்டைப் போடுவதுதான் எங்கள் வழக்கம். மாமாவும் தோட்டோடுதான் வந்தார். வந்தவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மச்சானால ஒரு பொட்டுத் தங்கம் வாங்க முடியுமா? பஸ் டிக்கெட்டக் கிழிச்சு மாட்டுவாரு லா!" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சிரித்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அப்பா தோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எம்மவ காதுல ஏறுறது நானே அரிச்ச தங்கமாத்தான் இருக்கும்" என்று சபதம் போட்டார். மலேசியாவின் மறுகோடியில், பகாங் பக்கம் ஆற்றில் தங்கம் அரிக்கிறார்கள் என்று தேத்தண்ணிக் கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் இருப்பது பினாங்கு என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல், எங்கள் ஆயர் ஈத்தாம் மலையடிவார ஓடையில், ஈயம் அரிக்கும் அகன்ற மரத்தட்டான "டூலாங்"கோடு அப்பா இறங்குவார். காதுக்குச் சொந்தக்காரி கூட இருந்தால்தான் தங்கம் கண்ணில் படும் என்று எங்கிருந்தோ ஒரு சாஸ்திரத்தையும் கொண்டுவந்ததால், முழங்கால் விறைக்க நானும் நிற்பேன். மணலை அள்ளித் தண்ணீரில் சுழற்றினால் லேசானது போய்விடும், கனமானது அடியில் தங்கும், அதில்தான் தங்கம் இருக்கும் என்று அவரே விளக்குவார். விளக்கிவிட்டு, மேலே மினுங்கிக்கொண்டு மிதப்பதை விரல் நுனியால் ஒற்றி எடுத்து ஜாம் போத்தலில் சேர்ப்பார். வீடு திரும்பினால் அம்மா, "வாங்க கோலார் தங்கவயல் முதலாளி, மொதல்ல கால கழுவுங்க" என்பார். பள்ளியில் என் பெயர் "மூளிக்காதி" என்றே ஆகிவிட்டது. எனக்கு வேண்டியது காதில் ஒரு துளை, அவ்வளவுதான். அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு வருடத்தில் போத்தல் பாதி நிறைந்தது. ஒரு சனிக்கிழமை அப்பா என்னை லிட்டில் இந்தியாவில் நகை செய்யும் பத்தரிடம் கூட்டிப்போனார். போதாக்குறைக்கு, சாட்சிக்கு என்று மாமாவையும் வரச்சொல்லியிருந்தார்.

பத்தர் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினார். அத்தனையும் பறந்துபோய் மாமாவின் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

"ஊதுனா பறக்குற தங்கத்த நான் பாத்ததில்லண்ணே. இது காக்காப்பொன்னு. பாறையில இருந்து உதிர்ற வெறும் மினுக்கு."

"அலாமாக்! மச்சான் என்னையே தங்கமாக்கிட்டாரு லா!" என்று மாமா சட்டையைத் தட்டினார்.

"இன்னும் மேல ஏறி அரிச்சா அசல் கெடைக்கும்" என்றார் அப்பா.

"அதுக்குள்ள புள்ளைக்குக் கல்யாணமே ஆயிரும். என் தோட்டப் போடுங்க."

"உன் தோடு என் வாசப்படி ஏறாது."

அந்தப் பத்தர்தான் காதும் குத்துவார். ஊசி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் வாழ்க்கையில் முதல் முறையாக வாயைத் திறந்து, "யாரு தோடாச்சும் இருக்கட்டும், குத்திவிடுங்க" என்றேன். அப்பாவும் மாமாவும் சேர்ந்து என்னைப் பார்த்து, "பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசாத" என்றார்கள். வருடம் முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

இப்போது அந்த ஓடையைச் சிமெண்டுக் கால்வாயாக்கி, பக்கத்தில் அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள், எனக்கு வருத்தமில்லை. பத்தர் கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். எண்பதைத் தாண்டிய அப்பா மட்டும், இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருக்க வேண்டும் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் அப்பா வழக்கம்போல் ஓடைக்குப் போனார், நான் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றுகொண்டேன். அம்மா என்னைப் பஸ் ஏற்றி அதே பத்தரிடம் கூட்டிப்போய், தன் மடியிலேயே உட்காரவைத்துக் காது குத்தினார். துளை மூடாமலிருக்க வேப்பங்குச்சி செருகினார்கள். அப்பா அதைக் கவனிக்க மூன்று நாள் ஆனது.