பூஜைத் தட்டில் கார் சாவி

வலிப்பு வந்த மறுநாள், டாக்டர் புற்றுநோயைப் பற்றி அதிகம் பேசவில்லை. நுரையீரலில் தொடங்கியது மூளைக்கு ஏறிவிட்டதை ஸ்கேன் படமே காட்டியது. அவர் சொல்ல மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"இனிமே கார் ஓட்ட வேணாம் சார்."

"எத்தனை மாசத்துக்கு?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். கேட்டவனை விட்டுவிட்டுக் கூட இருப்பவரைப் பார்த்தால் என்ன பதில் என்று எனக்குத் தெரியும். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓட்டிக் காட்ட வந்தவர் தேறவில்லை என்றால் அவரிடம் சொல்ல மாட்டேன். கூட வந்த டிரைவிங் ஸ்கூல்காரரைத்தான் பார்ப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சாவியை ஒளித்துவிட்டாள். ஒருவரின் உரிமத்தைப் பறிக்க முறை இருக்கிறது. நோட்டீஸ் தர வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மேல்முறையீடும் உண்டு. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இவை எதுவும் பின்பற்றப்படவில்லை. பர்சில் இருந்த உரிமம் செல்லுபடியாகிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் காலாவதி குறித்துவிட்டார்கள்.

கதிர்வீச்சுக்கு ஆட்டோவில் போனோம். வேளச்சேரி சாலை தோண்டிக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளமும் நேராக மண்டைக்குள் இறங்கியது. ஒரு நாள் ஆட்டோக்காரர் வாசலில் நின்ற மாருதியைப் பார்த்தார்.

"இன்னா சார், வண்டி சும்மா நின்னுகினு கீது? ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தாம்பா இருக்கு. டிரைவர்தான் ரிப்பேர்."

"அப்போ ஆள மாத்திடு சார்!" என்று சிரித்தார். மனைவி சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

முடி போயிற்று. சோறு இறங்கவில்லை. சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது. ஒரே ஒரு தடவை, மாடம்பாக்கம் கோயில் வரைக்குமாவது ஓட்டிவிட வேண்டும் என்பதை மட்டும் விட முடியவில்லை. படுத்திருக்கும்போது கால் தானாகக் கிளட்சை மிதிக்கும். கெஞ்சிப் பார்த்தேன். கத்திப் பார்த்தேன். "உங்க கால்ல விழறேன், அத மட்டும் கேக்காதீங்க" என்பாள்.

மகாளய அமாவாசைக்கு இலை போட்டாள். "உப்பு வைக்கலையா?" என்றேன். என் வலது கைப்பக்கம் ஒரு சிட்டிகை வைத்தாள். உப்பை வலப்பக்கம் வைக்கிற வீடா இது என்று அதற்கும் சண்டை போட்டேன்.

ஆனால் அவளுடைய ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. அரிவாள்மணை முதல் தையல் மெஷின் வரை பொட்டு வைத்து ஆயுத பூஜை செய்கிறவள், கார் சாவியைத் தட்டில் வைக்காமல் இருக்க மாட்டாள். காத்திருந்தேன்.

பூஜையன்று சாவி துவரம்பருப்பு டப்பாவிலிருந்து வந்தது. காருக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, டயருக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். எதிர்வீட்டுக்காரர் வந்து பழத்தின் மேல் ஏற்றி நகர்த்துவதாக ஏற்பாடு. கற்பூரம் காட்டி அவள் கண்ணை மூடியபோது நான் சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

"இறங்குங்க! என்னங்க, சொன்னா கேளுங்க!"

"கேட் வரைக்கும்தான். பழத்து மேல ஏத்திட்டு நிறுத்திடறேன். இத மட்டும் விடு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு நகர்ந்தாள்.

முதல் திருப்பலிலேயே எஞ்சின் பிடித்தது. கண்ணாடி பார்த்தேன், எதிரே பார்த்தேன். கேட் திறந்திருந்தது. யாரும் இல்லை. உள்ளே போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக் கிளட்சை விட்டேன். வலப்பக்கத்துப் பழம் நசுங்கியது. அந்த நொடியில் பானெட்டில் பலமாக ஓர் அடி விழுந்தது.

பிரேக்கை மிதித்தேன். "எங்க இருக்க நீ?"

"இங்கதான் நிக்கிறேன்."

தலையை இடப்பக்கம் திருப்பினேன். இன்னும் திருப்பினேன். இடது விளக்குக்கு நேர் முன்னே, ஒரு கையில் கற்பூரத் தட்டும் மறு கை பானெட்டிலுமாக நின்றாள். தலையைத் திருப்பும் வரை அங்கே ஒரு மனுஷி இருப்பதே என் கண்ணில் இல்லை. இடப்பக்கம் பார்க்காமல் வண்டியை எடுத்தவர்களை, வீட்டில் போய்ச் சைக்கிள் ஓட்டு என்று சொல்லி அனுப்பியவன் நான்.

"வேணும்னே நின்னியா?"

"அன்னிக்கு இலையில இடப்பக்கம் உப்பு இருந்துச்சு, உங்களுக்குத் தெரியல. நான் தெரியறேனான்னு பாத்தேன்."

"ஏத்தியிருந்தா?"

"ஏத்தியிருந்தா ஏத்தினதுதான். நீங்க போனப்புறம் நான் மட்டும் இருந்து என்ன பண்ணப்போறேன்?"

எஞ்சினை அணைத்தேன். சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தியைக் குனிந்து பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மிச்ச மூன்று பழங்களின் மேலும் எதிர்வீட்டுக்காரர்தான் ஏற்றினார். "கோயிலுக்கு ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம் சார், ஏறுங்க" என்றார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் காரில் இடப்பக்கம் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து அவள் என் தோளைப் பிடித்திருந்தாள். வழியில் இடப்பக்கம் ஏரி வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை.